சித்தி படித்த செங்கல்

"மெழுகுவத்தியை மிச்சம் பிடிக்கிறவன் கெட்டவனா பாப்பா?"

எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் ஆறாம் வகுப்பு. கையில் பாதி தின்ற வாழைப்பழம். கேட்டவருக்கு என் அப்பாவை விட வயது அதிகம். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். எங்கள் வீட்டில் மின்சாரம் போனால்தான் மெழுகுவத்தியே வெளியே வரும். அதை மிச்சம் பிடிப்பதில் நல்லவர் என்ன, கெட்டவர் என்ன?

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியலை" என்றார் அவர்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன். அடுத்து என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கூடத்துக்கும் மொட்டை மாடிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "நடந்து நடந்து தரையைத் தேய்க்காதே, எதையாவது எடுத்துப் படி" என்று கத்தினாள். அப்படித்தான் அலமாரியில் இருந்த அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்த புத்தகத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முடித்த பிறகு அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதில் என்னிடம் இருப்பது போலத் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எங்களோடுதான் இருந்தாள். எந்த வேலையிலும் அவள் கால் பாவவில்லை. துணிக்கடையில் சேர்ந்தாள். துணி சுற்ற வைத்திருந்த பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டே நின்றதில் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார். பிறகு ஒரு அச்சகம். அச்சடித்த தாளை மடித்து அடுக்குவதுதான் வேலை. முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "மடிக்கச் சொன்னா படிக்கிறாங்க சார். படிச்சாக்கூடப் பரவாயில்லை, அடுத்த தாள் எங்கேன்னு என்னையே கேக்கறாங்க" என்றாராம்.

"உன்னை வேலைக்கு வெச்சவன் கடையை மூட வேண்டியதுதான்" என்பாள் அம்மா.

"அந்தக் கதையில அந்தப் பையன் வீடு திரும்பினானான்னு தெரியாமலே என்னை அனுப்பிட்டாங்கக்கா" என்பாள் சித்தி. வேலை போனது அவளுக்கு அவ்வளவாக உறைக்காது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் தையல் அறையில் இடம் கிடைத்தது. தையல் அறை என்றால் புதிதாகத் தைப்பது அல்ல. கிழிந்ததைத் தைப்பது. சலவைக்கூடத்துக்குப் பின்னால், ஒரு சுவரைப் பார்த்த ஜன்னலோடு நீளமான அறை. சலவைக்கூடத்தின் ஈர வெப்பமும் பிளீச்சிங் வாடையும் அங்கே எப்போதும் உண்டு. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடும் மேலங்கி எல்லாம் வெளுத்து அங்கே வரும். எத்தனை தடவை வெளுத்தாலும் போகாத மருந்துக் கறை மஞ்சளாகத் தெரியும். ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட வேண்டும், நாடா அறுந்திருந்தால் புதுசு வைக்க வேண்டும். மெஷின் கிடையாது. எல்லாம் கைத்தையல். அதனால் அறை அமைதியாக இருக்கும்.

அறையில் நான்கு பேர். மூத்தவர் கண்ணாடியக்கா. சோடாபாட்டில் அடி மாதிரி கனமான கண்ணாடி. ஊசியின் காதை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு நூல் கோப்பார். அடுத்தது பொத்தானக்கா. பொத்தான் வைப்பதும் வாயாடுவதும் அவர் வேலை. மூன்றாவது பெண்ணை 'புதுசு' என்பார்கள். அவள் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது, பேர் மட்டும் பழசாகவில்லை. நான்காவது என் சித்தி. அவளுக்கு அங்கே 'ரேடியோ' என்று பேர் வந்தது. எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதை.

ஒட்டுப் போட்ட விரிப்பை மடித்து, ஒட்டு சுருங்காமல் படிய மேலே ஏதாவது பாரம் வைப்பார்கள். வார்டில் நோயாளிகள் படிக்க ஒரு காலத்தில் வைத்திருந்த புத்தக அலமாரியைக் காலி செய்தபோது, எல்லாவற்றிலும் தடிமனான ஒரு புத்தகத்தைப் பாரத்துக்காகவே கேட்டு வாங்கி வந்திருக்கிறார் பொத்தானக்கா. அதைச் செங்கல் என்றே சொல்வார்கள். "அந்தச் செங்கல்லை இப்படித் தள்ளு", "செங்கல் மேல டீ வைக்காதே". அதற்குள் எழுத்து இருக்கிறது என்பதையே மறந்துவிட்டிருந்தார்கள்.

ஒரு நாள் சலவை இயந்திரம் மக்கர் பண்ணியது. துணி வரவில்லை. நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புதுசு செங்கல்லைத் தூக்கிப் பார்த்து, "இதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு?" என்றாள். சித்தி பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். முதல் சில பக்கங்கள் கிழிந்து போயிருந்ததால் புத்தகத்தின் பேரும் இல்லை, எழுதியவர் பேரும் இல்லை. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல், யாரோ தமிழில் பெயர்த்தது என்பது மட்டும் மிச்சமிருந்த முன்னுரையிலிருந்து தெரிந்தது. சித்தி மனதுக்குள் படிக்க ஆரம்பித்தாள்.

"சத்தமாப் படி. நாங்க என்ன சுவரா?" என்றார் கண்ணாடியக்கா.

அதுவரை சித்தியை யாரும் 'படி' என்று சொன்னதே இல்லை. 'படிக்காதே' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் துணி வந்துவிட்டது. ஆனால் கதையும் நடுவில் நின்றிருந்தது. சித்தி படிக்க, மற்றவர்கள் தைத்தார்கள். சாயங்காலம் பார்த்தால் எல்லோர் முன்னாலும் முடித்த துணி அடுக்கு நிமிர்ந்து நிற்கிறது, சித்தி முன்னால் ஒன்றும் இல்லை.

"நல்லா இருக்கு. இவ படிப்பா, நாம இவளுக்கும் சேர்த்துத் தைக்கணுமா?" என்றார் பொத்தானக்கா.

கண்ணாடியக்கா தன் அடுக்கின் மேலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துச் சித்தியின் முன்னால் வைத்தார். "படிக்கிறதும் வேலைதான். தொண்டை என்ன சும்மாவா வருது?" என்றார். புதுசும் ஒன்று வைத்தாள். பொத்தானக்கா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வைத்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதற்கு 'வாய்ப்பங்கு' என்று பேரும் வைத்தார்கள். யார் வந்து பார்த்தாலும் நான்கு அடுக்கும் ஒரே உயரத்தில் இருக்கும்.

நாவலின் கதை இதுதான். மூடுபனி விலகாத ஒரு நகரத்தில் ஏழைகளுக்கென்று ஒரு விடுதி. சோறும் படுக்கையும் கொடுத்து, பதிலுக்குப் பெண்களைக் கையுறை தைக்க வைக்கிறார்கள். அங்கே ஒரு அநாதைப் பெண் வந்து சேர்கிறாள். அவள் பேரைச் சித்தி நான்கு விதமாக உச்சரித்துப் பார்த்தாள்.

"நீ அந்தப் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும். குட்டின்னு வெச்சுக்கோ" என்றார் பொத்தானக்கா.

குட்டி என்றே ஆயிற்று. விடுதியின் நிர்வாகக் குழுத் தலைவர் ஒருவர், வாராவாரம் வந்து ஏழைகளின் சோம்பேறித்தனத்தைப் பற்றி அவர்களிடமே நீளமாகப் பேசுவார். அவருக்கு 'மைக்' என்று பேர் வைத்தாள் புதுசு.

"அந்தக் காலத்துல மைக் ஏதுடி?"

"அதான் இந்தக் கத்து கத்துறான்."

மூன்றாவது ஆள் விடுதியின் மேற்பார்வையாளர். பெண்களுக்குக் கொடுக்கிற மெழுகுவத்தியைப் பாதியாக நறுக்கிக் கொடுப்பார். அது அணைந்த பிறகும் தையல் முடிய வேண்டும். இருட்டில் தைத்துத் தைத்துக் குட்டியின் பார்வை மங்கத் தொடங்குகிறது.

இதைப் படித்த அன்று நான்கு பேரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்களாம். தையல் மேசைக்கு மேல் இரண்டு டியூப் லைட் உண்டு. நூலும் பொத்தானும் கொடுக்கிற ஸ்டோர் சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஸ்டோர் கீப்பர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "ஒண்ணு போதும்" என்று சொல்லி ஒன்றை அணைத்துவிட்டுப் போவார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் புதுசு எழுந்து மறுபடி போடுவாள். அவர் திரும்பி வருவார். மறுபடி அணைப்பார்.

"நம்மாளு!" என்றார் பொத்தானக்கா. அன்றிலிருந்து ஸ்டோர் கீப்பருக்கு மெழுகுவத்தி என்று பேர்.

நீளமான நாவல். அதுவும் அவசரமே இல்லாத நாவல். ஒருவர் மாடி ஏறினால் படிக்கட்டின் வயதிலிருந்து சொல்வார்கள். "இன்னும் அந்த மாடிப்படியிலதான் இருக்கானா? நான் நாலு அங்கிக்குப் பொத்தான் வெச்சுட்டேன், அவன் மேல போய்ச் சேரலையே!" என்று பொத்தானக்கா கத்துவார். காலையில் சித்தி உள்ளே நுழைந்ததும், "என்ன ரேடியோ, பனி விலகிச்சா?" என்பதுதான் வணக்கம்.

எங்கள் வீட்டிலும் அந்தக் கதை புகுந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிடும்போது சித்தி, "குட்டிக்கு இன்னைக்குச் சுத்தமா ஊசியே தெரியலைக்கா" என்று பெருமூச்சு விட்டாள்.

அம்மா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "அடப்பாவமே. சின்ன வயசுதானே? நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க, அங்கேயே ஒரு டாக்டர்கிட்ட காட்டினா என்ன?" என்றாள்.

"காட்டலாம். டாக்டர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அம்மா சித்தியின் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அதன் பிறகு அவளும் தினமும் குட்டியை விசாரிக்க ஆரம்பித்தாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், எங்கேயோ கண்காணாத தேசத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

எல்லோரையும் விட அதிகமாகக் குட்டியைப் பற்றிக் கேட்டவர் கண்ணாடியக்காதான். அவர் கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. டாக்டர்கள் இனிமேல் கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "குட்டிக்குக் கண்ணு என்னாச்சு?" என்று மட்டும் கேட்பார். மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்த மாதக் கடைசியோடு அவர் ஓய்வு பெறுகிறார். புத்தகத்தில் இன்னும் ஒரு விரல் தடிமன் மிச்சம் இருந்தது.

"நான் போறதுக்குள்ள முடிச்சிடணும்டி ரேடியோ" என்றார் அவர். "எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுல படிச்சுக் காட்ட ஆளும் இல்லை. பாதியில விட்டுட்டுப் போனா, மிச்ச நாளெல்லாம் அந்தப் புள்ளை என்ன ஆச்சோன்னே உக்காந்திருப்பேன்."

"முடிச்சிடலாம்க்கா" என்றாள் சித்தி. வாழ்க்கையில் அவள் யாருக்காவது கொடுத்த முதல் வாக்கு அதுவாகத்தான் இருக்கும். டீ நேரத்திலும் படித்தாள். தொண்டைக்கு வெந்நீர் எடுத்துப் போனாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவள் வாயால் அவளே கெடுக்கும்வரை.

வெள்ளை நூல் தீர்ந்துபோனது. சித்தி ஸ்டோர் ஜன்னலுக்குப் போனாள். தலைக்குள் நாவல் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "மெழுகுவத்தி சார், வெள்ளை நூல் வேணும்."

வரிசையில் நின்ற வார்டு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் நூல் கண்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து, சித்தியின் பின்னாலேயே தையல் அறைக்கு வந்துவிட்டார்.

"யாரு மெழுகுவத்தி?"

பொத்தானக்காதான் சமாளிக்கப் பார்த்தார். "அது வந்து சார்… நாலு பேருக்கு வெளிச்சம் தர்றவங்களை அப்படிச் சொல்றது உண்டு."

அவர் மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் முன்னால் அவரே அணைத்துவிட்டுப் போன டியூப் லைட் அங்கே இருண்டு கிடந்தது. புதுசுக்கு அடக்க முடியவில்லை. தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். அவர் பார்வை சித்தியின் நாற்காலியில் திறந்து கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தின் மேல் போனது. "இதுலதான் இருக்கா அந்த ஆளு?" என்று கேட்டார். சித்திக்குப் பொய் வராது. "ஆமா சார்" என்றாள். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் ஒட்டின் மேல் பாரம் வைக்க ஒன்றும் இல்லை. புதுசு வெளியே கட்டிட வேலை நடக்கும் இடத்திலிருந்து உண்மையான செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து துணி சுற்றி வைத்தாள். "இதுவும் பேசாது, அந்த ஆளும் பேச மாட்டேங்கறார்" என்றார் பொத்தானக்கா.

சித்தி இரண்டு தடவை ஸ்டோருக்குப் போனாள். "என்னைத் திட்டணும்னா திட்டுங்க சார். புத்தகத்தைக் குடுத்துடுங்க. கண்ணாடியக்கா போகப் போறாங்க" என்று கெஞ்சினாள். அவர் நிமிராமல், "படிச்சிட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

"எழுத்துக் கூட்டிப் படிக்கறாரோ என்னமோ" என்றார் பொத்தானக்கா.

சித்தி மிச்சக் கதையைத் தானே சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீ சொல்றது உன் கதைடி. நான் கேட்டது குட்டி கதை." அதன் பிறகு அறையில் ஊசி துணியில் நுழையும் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். வீட்டில் சித்தி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அம்மாகூட அவளைத் திட்டவில்லை.

கண்ணாடியக்காவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் கீப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தி கடைக்குப் போயிருந்தாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தது நான்.

மெழுகுவத்தி பற்றிக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். கனத்தில் எனக்குக் கை தாழ்ந்தது. "சித்திகிட்ட ஒண்ணு சொல்லணும். மறக்க மாட்டியே?" என்றார்.

"மாட்டேன்."

"கடைசில குட்டிக்குப் பார்வை திரும்பாது. அந்த அம்மா முன்னாடி அதை அப்படியே படிக்க வேண்டாம். கொஞ்சம் மாத்திப் படிக்கச் சொல்லு. அவங்களுக்குத் தெரியவா போகுது?"

புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்குக் குட்டி என்று பேரே கிடையாது. அது தையல் அறையில் வைத்த பேர். அப்படியானால் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்கு அப்போது புரியவில்லை. சித்தியிடம் சொன்னபோது அவளுக்கு உடனே புரிந்தது. பையைக் கீழே வைக்காமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகத்துக்கு நடுவே அடையாளத்துக்குக் கட்டுத்துணி நாடா ஒன்று வைத்திருந்தார். சித்தி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவர்கள் இன்னும் வந்து சேராத இடம் அது. விடுதியைப் பற்றி விசாரணை நடக்கிறது. எல்லோரும் மேற்பார்வையாளரைக் கை காட்டுகிறார்கள். அவர் எழுந்து, ஒரு மெழுகுவத்தி கூடுதலாக எரிந்தால் தலைவர் தன்னை எப்படி நிற்க வைத்துக் கேள்வி கேட்பார் என்பதையும், தன் வீட்டிலும் பாதி மெழுகுவத்திதான் எரிகிறது என்பதையும் சொல்கிறார். சொல்லிவிட்டு, 'ஆனாலும் கத்தி என் கையில்தான் இருந்தது' என்கிறார்.

"மாத்திப் படிப்பியா சித்தி?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "குட்டி கண்ணைத் திறந்தாள்… ஜன்னல் வழியாக வெயில் வந்தது…" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தையல் அறையில் புத்தகத்தைப் பார்த்ததும் புதுசு விசில் அடித்தாளாம். விசாரணைப் பகுதியைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. "அப்போ இவனும் மைக் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறவன்தானா?" என்றார் பொத்தானக்கா. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல வந்து சுவிட்சில் கை வைத்தார்.

"சார்" என்றார் பொத்தானக்கா. "டீ நேரம், சாப்பாட்டு நேரம் ரெண்டுலயும் நாங்களே ரெண்டு லைட்டையும் அணைச்சிடறோம். தைக்கும்போது எரியட்டும்."

"மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"மேல இருக்கறவங்களை ஒரு நாள் இங்க வந்து ஊசியில நூல் கோக்கச் சொல்லுங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். சிரித்தாரா இல்லையா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. சிரித்தார் என்று சித்தி சொல்வாள். அது இருமல் என்பது பொத்தானக்காவின் கட்சி.

கண்ணாடியக்காவின் கடைசி நாள் வந்தது. கடைசி இரண்டு அத்தியாயம் மிச்சம். மதியத்துக்கு மேல் யாரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கதவருகே ஸ்டோர் கீப்பர் வந்து நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. புதுசு ஒரு ஸ்டூலை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.

விசாரணை மண்டபத்துக்குக் குட்டியைக் கைபிடித்து அழைத்து வருகிறார்கள். சித்தி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரு மிடறு வெந்நீர் குடித்தாள். பிறகு, பழகி வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். குட்டி கண்ணைத் திறந்தாள், ஜன்னல் வழியாக வெயில் வந்தது, முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக…

கண்ணாடியக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"பக்கம் திருப்புற சத்தமே காணோமே" என்றார்.

சித்தி நிறுத்தினாள்.

"நீ படிக்கும்போது மூச்சு வாங்கற இடம் எனக்குத் தெரியும்டி. இப்ப நீ வாங்கவே இல்லை. புத்தகத்துல அப்படியா இருக்கு?"

சித்தி கதவுப் பக்கம் பார்த்தாள். கண்ணாடியக்காவுக்கு அவ்வளவு தூரம் தெரியாது. ஆனால் ஸ்டூல் கிறீச்சிட்டது கேட்டது.

"ஓ. சார் சொல்லிக் குடுத்ததா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்காகத்தான்னு புரியுது சார். நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நான் ஆயுசு முழுக்க ஒட்டுப் போட்டவ. ஓட்டை எங்க இருக்குன்னு தடவிப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அந்தப் புள்ளை பட்டதை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டுப் போட்டு மறைச்சா, எழுதினவன் எதுக்கு இத்தனை பக்கம் எழுதினான்? படிடி. அச்சுல இருக்கறதைப் படி."

சித்தி படித்தாள்.

குட்டிக்குப் பார்வை திரும்பவில்லை. அவள் மண்டபத்தில் தடவித் தடவி நடந்து, தலைவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒரு ஜோடி கையுறையை வைக்கிறாள். கடைசியாகத் தைத்தது. "போட்டுக்கொள்ளுங்கள் ஐயா" என்கிறாள். அவர் ஒன்றைப் போட்டுக்கொள்கிறார். அடுத்ததைப் போட முடியவில்லை. இரண்டுமே இடது கைக்கானவை. "மெழுகுவத்தி அணைந்த பிறகு தைத்தது" என்கிறாள் அவள். தலைவருக்குத் தண்டனை எதுவும் கிடைத்ததாக நாவலில் இல்லை. அவர் வலது கையைப் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டு பனிக்குள் நடந்து போகிறார். அன்று முதல் அந்த விடுதியில் முழு மெழுகுவத்தி கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு வரி. அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

"அவ்ளோதானா?" என்றார் கண்ணாடியக்கா.

"அவ்ளோதான்க்கா."

"நல்லவேளை" என்றார் அவர். "பார்வை வந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டும் இடது கை! நல்லாத்தான் வெச்சா மேசை மேல!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொத்தானக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பஞ்சுத் தூசி என்றார்.

ஸ்டோர் கீப்பர் எழுந்து உள்ளே வந்தார். மேசையில் கிடந்த ஒரு மேலங்கியை எடுத்து, ஊசியைக் கேட்டு வாங்கி, ஒரு பொத்தானைத் தைத்தார். நன்றாகக் குத்திக்கொண்டார். தைத்ததைக் கொண்டுபோய்ச் சித்தியின் அடுக்கின் மேல் வைத்தார். வாய்ப்பங்கைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொத்தானக்கா அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். பொத்தான் கையோடு வந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு நோயாளி எழுந்து நின்னா மானம் போயிடும் சார். குடுங்க, நான் வெக்கறேன்."

கடைசியாகக் கண்ணாடியக்கா எழுந்தார். தன் அடுக்கைத் தடவி, மேலிருந்த தலையணை உறையை எடுத்துச் சித்தியின் அடுக்கில் வைத்தார். அது அவர் அங்கே ஒட்டுப் போட்ட கடைசித் துணி. அந்த ஒட்டைத் தான் விரலால் தடவிப் பார்த்ததாகச் சித்தி சொன்னாள். எங்கே ஆரம்பிக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு கல்யாணம் ஆகும்வரை சித்தி அந்த வேலையை விடவே இல்லை. வருஷக்கணக்கில் அங்கே பல புத்தகங்கள் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியக்கா வீட்டுக்குப் போய்ச் செங்கல்லை மறுபடி முதலிலிருந்து படித்துக் காட்டினாள். அவருக்கு இப்போது பார்வை முழுவதும் போய்விட்டது. "வேற புத்தகம் எடுத்துட்டு வரட்டுமாக்கா?" என்றால், "குட்டி மண்டபத்துக்கு நடந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பாராம். சித்தி போன வருஷம் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். போகும்போது செங்கல்லை அதே மாதிரி செய்தித்தாளில் சுற்றி என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அது ஆஸ்பத்திரிப் பொருள். ஆனால் ஸ்டோர் கீப்பர் தான் ஓய்வு பெறும் முன்னால் அதைக் கிழிந்த துணிகளோடு சேர்த்துக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, "எடுத்துட்டுப் போம்மா, உன்னுதுதான்" என்று சித்தியிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். எனக்கு வேகமாகப் படிக்கிற வழக்கம். "ஓடாதேடி, அந்த மாடிப்படியை முழுசா ஏறு" என்று கண்ணாடியக்கா அதட்டுகிறார். பனி விலகாத அந்த நகரத்தை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும்போது பிளீச்சிங் வாடையும், சித்தியின் கரகரத்த குரலும், அம்மாவின் குழம்புக் கரண்டியும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அடுத்து என்ன செய்வது என்ற கவலை அந்த இரண்டு மணி நேரம் என்னிடம் வருவதில்லை.

ஸ்டோர் கீப்பர் மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டால், "தெரியாது" என்று சொல்ல மாட்டேன். "யாருக்காக சார் மிச்சம் பிடிச்சீங்க? அவங்க வீட்டுல எத்தனை எரியுது?" என்று கேட்பேன். பிறகு உள்ளே வந்து உட்காரச் சொல்வேன். அன்று அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டேன்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் யாராவது கைவேலையாக உட்கார்ந்திருப்பார்கள். காய் நறுக்கிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ. அவர்களுக்கு இந்தக் கதையை வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். பேர்களை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் தையல் அறையும் அதைத்தான் செய்தது. முடிவை மட்டும் மாற்றாதீர்கள். கண்ணாடியக்கா கண்டுபிடித்துவிடுவார்.